உங்கள் கார்டு எத்தனை கணக்குகளில் கிடக்கிறது? தேடி, நீக்கி, மிச்சத்தைப் பூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

போன தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அதிகாலை மூன்று மணிக்கும் மூன்றரைக்கும் நடுவில், சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அக்காவின் கைபேசிக்கு வங்கியிலிருந்து ஆறு செய்திகள் வந்தன. ஒவ்வொன்றும் 80 வெள்ளி, ஓர் இணையக் கடையில் பரிசு வவுச்சர் வாங்கியதாக. அக்கா தூக்கத்தில் இருந்தார். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கைபேசியை எடுத்தபோதுதான் 480 வெள்ளி போயிருப்பது தெரிந்தது. வவுச்சர்களை அதற்குள் யாரோ செலவழித்தும் விட்டார்கள்.

எனக்கு அழைத்து அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஓடிபியே வரலையே தம்பி, நான் யாருக்கும் நம்பர் சொல்லலையே, அப்புறம் எப்படிக் காசு போச்சு?"

அன்று முழுக்க உட்கார்ந்து பார்த்ததில் புரிந்தது இதுதான். அவருடைய கார்டு எண்ணை யாரும் திருடவில்லை. கார்டைச் சேமித்து வைத்திருந்த அந்தக் கடையின் கணக்கைத் திருடியிருக்கிறார்கள். பல வருடங்களுக்கு முன்பு ஏதோ சமையல் குறிப்புத் தளத்தில் பதிந்த அதே மின்னஞ்சல், அதே பாஸ்வேர்டு, கடைக் கணக்கிலும் இருந்தது. அந்தப் பழைய தளத்திலிருந்து பாஸ்வேர்டுகள் வெளியே போயிருந்தால், அதை வாங்கியவர்கள் நூறு கடைகளில் போட்டுப் பார்ப்பார்கள். எது திறக்கிறதோ அதற்குள் கார்டு இருக்கிறதா என்று தேடுவார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் கடையைப் பொறுத்தவரை வந்திருப்பது அக்காதான், கார்டும் அவருடையதுதான், எனவே கேள்வியே இல்லை.

இதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். "கார்டு நம்பரை யாரிடமும் சொல்லாதே" என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டோம். ஆனால் கார்டைச் சேமித்த ஒவ்வொரு கணக்கும் நம் பணத்துக்கு இன்னொரு வாசல் என்பதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. அந்த வாசல்களை எண்ணி, வேண்டாததை அடைத்து, வேண்டியதற்கு நல்ல பூட்டுப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

தொடங்கும் முன்: அவர்களிடம் உண்மையில் என்ன இருக்கிறது?

"அடுத்த முறைக்காகக் கார்டைச் சேமிக்கவும்" என்ற சதுரத்தில் டிக் அடித்தால் என்ன நடக்கிறது? ஒழுங்காக நடக்கும் கடைகள் பெரும்பாலும் முழு எண்ணைத் தங்களிடம் வைத்துக்கொள்வதில்லை. பணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனத்திடம் அது போகும், கடைக்கு அதற்குப் பதிலாக ஒரு டோக்கன் கிடைக்கும். வேறு கடையில் அந்த டோக்கனைக் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லாது. உங்கள் திரையில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நிறுவனங்கள் சேர்ந்து கொண்டுவந்த பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதிமுறைப்படி, பின்பக்கம் இருக்கும் மூன்று இலக்க சிவிவி எண்ணைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு கடைகள் வைத்திருக்கவே கூடாது, மறைகுறியாக்கம் செய்துகூட வைக்கக் கூடாது.

இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். சிவிவி இல்லாமல் என்ன செய்ய முடியும் என்ற எண்ணம். இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒருமுறை சரிபார்த்துச் சேமித்த கார்டில் அடுத்தடுத்த முறை பணம் எடுக்கச் சிவிவி கட்டாயமில்லை. ஓடிபியும் அப்படித்தான்: அதைக் கேட்பதா வேண்டாமா என்பதில் கடைக்கும் பங்கு இருக்கிறது. வாடிக்கையாளருக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று பல வெளிநாட்டுக் கடைகள் கேட்பதே இல்லை. மாதச் சந்தா மாதிரி கடையே தொடங்கும் கட்டணங்களுக்கு நீங்கள் திரையின் முன்னால் இருப்பதே இல்லை, அப்புறம் ஓடிபி யாரிடம் கேட்பார்கள்?

சரி, கடையிலிருந்தே தரவு திருடுபோனால்? 2020 அக்டோபரில் இங்கேயே நடந்தது. லஸாடா இணையக் கடைக்குச் சொந்தமான மளிகைத் தளமான ரெட்மார்ட்டின் பழைய தரவுத்தளம் ஒன்றிலிருந்து 11 லட்சம் கணக்குகளின் விவரங்கள் வெளியே போயின: பெயர், தொலைபேசி எண், முகவரி, மறைகுறியாக்கப்பட்ட பாஸ்வேர்டு, அவற்றோடு கார்டு எண்ணின் ஒரு பகுதி. பகுதி எண்ணை வைத்துப் பொருள் வாங்க முடியாது, உண்மைதான். ஆனால் உங்கள் பெயரையும் புளோக் எண்ணையும் சொல்லி, "உங்கள் கார்டின் கடைசி நான்கு எண் இதுதானே, வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று ஒருவர் அழைத்தால் நம் அப்பா அம்மா நம்பிவிடுவார்கள். கடைசி நான்கு எண்ணைச் சொல்கிறார் என்பதால் அழைப்பவர் வங்கிக்காரர் ஆகிவிட மாட்டார். இதை இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எங்குமே சேமிக்காமல் ஒவ்வொரு முறையும் தட்டச்சு செய்வது எப்போதும் பாதுகாப்பு என்று சொல்லிவிட முடியாது. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் நுழைந்தவர்கள் கட்டணப் பக்கத்தில் வெறும் 22 வரி நிரலைச் செருகி, மக்கள் தட்டச்சு செய்யச் செய்ய கார்டு எண்ணையும் சிவிவியையும் சேர்த்தே உருவிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை யாருக்கும் தெரியவில்லை. அந்த நிறுவனத்துக்கு 2020இல் 2 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது. ஆக, அறிமுகமில்லாத சிறு தளத்தில் எண்ணை அடிப்பதில் ஒரு ஆபத்து, பழகிய தளத்தில் சேமிப்பதில் வேறொரு ஆபத்து. இரண்டுக்கும் வழி கீழே வருகிறது.

முதல் வேலை: வாசல்களை எண்ணுங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். கணினியில் பட்டியல் போடாதீர்கள் என்று சொல்லவில்லை, ஆனால் தாளில் எழுதினால் வீட்டில் மற்றவர்களும் எட்டிப்பார்த்து "அந்த ஜிம் கணக்கை விட்டுட்டியே" என்று சொல்வார்கள். அது பெரிய உதவி.

முதலில் கடந்த 12 மாதக் கார்டு அறிக்கைகளை வங்கிச் செயலியிலிருந்து இறக்கி, ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மூன்று மாதம் போதாது, ஏனென்றால் வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் சந்தாக்கள் அதில் விட்டுப்போகும். கடையின் பெயர் அறிக்கையில் வேறு மாதிரி இருக்கும், தொகையை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

அடுத்து மின்னஞ்சலில் தேடுங்கள். ரசீது, ஆர்டர், சந்தா, புதுப்பிப்பு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டால் மறந்தே போன கடைகள் வரிசையாக வரும். எனக்கு வந்தவற்றில் ஒன்று 2016இல் ஒரே ஒரு முறை புகைப்படம் அச்சடித்த தளம். கார்டு மாறிவிட்டது, ஆனால் முகவரி, பிறந்தநாள் எல்லாம் அப்படியே இருந்தன.

மூன்றாவதாக, பலர் மறக்கும் இடம்: உலாவி. குரோம், சஃபாரி, எட்ஜ் எல்லாவற்றிலும் அமைப்புகளுக்குள் கட்டண முறைகள் என்று ஒரு பகுதி உண்டு. அங்கே சேமித்த கார்டுகளைப் பாருங்கள். உங்கள் கூகல் கணக்கில் ஏறிய கார்டு நீங்கள் உள்நுழைந்த எல்லாக் கருவியிலும் தெரியும், பழைய அலுவலகக் கணினியில் வெளியேறாமல் விட்டிருந்தால் அதிலும்தான். உலாவியில் உள்ளவற்றைத் திருடுவதற்கென்றே தீநிரல்கள் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு மென்பொருளை நிறுவினால், சேமித்த பாஸ்வேர்டும் கார்டும் சில நொடிகளில் போய்விடும். அதனால் உலாவியில் கார்டு வைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. வசதிக்காக அதை விட்டுவைக்கலாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அப்புறம் கைபேசி: ஆப்பிள் கணக்கு, கூகல் பிளே, பேபாலில் தானியங்கிக் கட்டணங்கள் என்ற பகுதி, டாக்சி செயலிகள், உணவு செயலிகள், மளிகைச் செயலிகள், திரைப்பட டிக்கெட், விமான நிறுவனங்கள், ஹோட்டல் முன்பதிவு, தொலைத்தொடர்பு நிறுவனம், காப்பீடு, பிள்ளைகளின் துணைப்பாட நிலையம், கோயில் அல்லது தொண்டு அமைப்புக்கு மாதாமாதம் போகும் நன்கொடை. அக்காவின் பட்டியல் 23 வரை போனது. தொடங்கும்போது "ஒரு ஐந்தாறு இருக்கும்" என்றுதான் சொன்னார்.

இரண்டாவது: எதை வைப்பது, எதை எடுப்பது

எந்த யோசனையும் இல்லாமல் முதலில் எடுக்க வேண்டியது டெபிட் கார்டு. இங்கே நம்மில் பலருக்கு ஏடிஎம் கார்டேதான் விசா அல்லது மாஸ்டர்கார்டு டெபிட் கார்டு, அது சம்பளம் விழும் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருக்கிறது. கிரெடிட் கார்டில் தவறான கட்டணம் வந்தால், அது வங்கியின் பணம். விசாரணை முடியும்வரை உங்கள் கையில் உள்ளது குறையாது. டெபிட் கார்டில் வந்தால் உங்கள் சேமிப்பே குறைந்துவிடும், அது திரும்பி வரும்வரை வீட்டுத் தவணையும் பள்ளிக் கட்டணமும் காத்திருக்காது. இணையத்தில் எந்தக் கணக்கிலும் டெபிட் கார்டைச் சேமிக்காதீர்கள். பெரிய சேமிப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யலாம்: 2023 நவம்பரிலிருந்து டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி ஆகிய மூன்று வங்கிகளிலும் பணத்தின் ஒரு பகுதியைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அந்தப் பகுதியை இணையவழி யாரும் எடுக்க முடியாது.

மிச்சமுள்ள கிரெடிட் கார்டு கணக்குகளுக்கு நான் மூன்று கேள்வி கேட்பேன். மாதம் ஒருமுறையாவது இங்கே வாங்குகிறேனா? பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு போட இங்கே வழி இருக்கிறதா? மூன்றாவதுதான் மிக முக்கியம்: திருடன் உடனே காசாக்கக்கூடிய எதையாவது இங்கே விற்கிறார்களா? வவுச்சர், விளையாட்டுக்கான கிரெடிட், முன்கட்டண டாப் அப், மின்னணு டிக்கெட் போன்றவை நொடியில் கைமாறிவிடும், பிறகு திரும்பாது. காய்கறி விற்கும் கணக்கைத் திருடுபவன் காய்கறியை எங்கே கொண்டுபோய் இறக்குவான், ஒரு முகவரி கொடுத்தே ஆக வேண்டும். வவுச்சர் விற்கும் கணக்கில் அந்தத் தொல்லை அவனுக்கு இல்லை. அக்காவின் விஷயத்தில் வவுச்சரைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல.

முதல் கேள்விக்கு இல்லை என்றால் கார்டை எடுத்துவிடுங்கள். இரண்டாவதற்கு இல்லை, மூன்றாவதற்கு ஆம் என்றால், எவ்வளவு அடிக்கடி வாங்கினாலும் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது: நீக்குவது, இதில் இருக்கும் மூன்று சிக்கல்கள்

கணக்குப் பக்கத்தில் கட்டண முறைகள் அல்லது வாலட் என்று இருக்கும் இடத்துக்குப் போய், கார்டுக்குப் பக்கத்தில் நீக்கு என்பதை அழுத்த வேண்டும். செயலியைக் கைபேசியிலிருந்து அழிப்பதால் கார்டு நீங்காது. இதைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும் போல இருக்கிறது, ஏனென்றால் நான் கேட்ட பலர் "அந்த ஆப்பைத்தான் எப்பவோ எடுத்துட்டேனே" என்கிறார்கள். செயலி போனாலும் கணக்கும் கார்டும் அவர்கள் கணினியில் அப்படியே இருக்கும்.

இரண்டாவது சிக்கல், சில தளங்கள் ஒரே ஒரு கார்டு இருந்தால் அதை நீக்க விடாது, குறிப்பாகச் சந்தா ஓடிக்கொண்டிருந்தால். முதலில் சந்தாவை ரத்து செய்து, ரத்தானதற்கான மின்னஞ்சல் வந்த பிறகு கார்டை நீக்குங்கள். அப்படியும் விடவில்லை என்றால் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற நமக்கு உரிமை உண்டு, தேவை முடிந்த தகவலை நிறுவனம் வைத்துக்கொண்டிருக்கவும் கூடாது. "என் ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், சேமித்த கட்டண விவரங்களை நீக்கி உறுதிப்படுத்துங்கள்" என்று இரண்டு வரி போதும். சண்டை போடும் தொனி வேண்டாம்.

மூன்றாவதுதான் பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். கார்டு காலாவதியானால், அல்லது தொலைந்து புது எண் வந்தால், பழைய இடங்களில் கட்டணம் தானாக நின்றுவிடும் என்று நினைக்கிறோம். விசாவிடமும் மாஸ்டர்கார்டிடமும் கார்டு விவரத்தைத் தானாகப் புதுப்பிக்கும் சேவை இருக்கிறது. வங்கியும் கடையும் அதில் சேர்ந்திருந்தால் உங்கள் புது எண்ணும் காலாவதித் தேதியும் நீங்கள் எதுவும் செய்யாமலேயே கடைக்குப் போய்விடும். தொலைக்காட்சிச் சந்தா தடங்கலில்லாமல் ஓட இது நல்லதுதான். ஆனால் "கார்டை மாத்திட்டேன், பிரச்சினை முடிஞ்சது" என்று விட்டுவிட முடியாது. வேண்டாத சந்தாவைச் சந்தாவாகவே ரத்து செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டுக்குப் பூவும் இனிப்பும் அனுப்பும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, ஊரில் பெற்றோரின் இந்தியக் கார்டும் நம் கணக்கில் இருக்கும். இந்தியாவில் 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது, டோக்கன் மட்டுமே என்று ரிசர்வ் வங்கி விதித்துவிட்டது. அது இந்திய வங்கிகள் வெளியிட்ட கார்டுகளுக்கான பாதுகாப்பு. அதே தளத்தில் நம் சிங்கப்பூர்க் கார்டைப் போடும்போது அந்தக் காவல் நமக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நான்காவது: விட்டுவைத்தவற்றுக்குப் பூட்டு

முதல் பூட்டு கடைக்கு இல்லை, மின்னஞ்சலுக்கு. எந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றுவதற்கான இணைப்பு மின்னஞ்சலுக்குத்தான் வருகிறது; அதற்குள் போனவன் எல்லாவற்றுக்குள்ளும் போகலாம். மின்னஞ்சலுக்கு வேறெங்கும் இல்லாத நீளமான பாஸ்வேர்டும், அங்கீகாரச் செயலி (உள்நுழையும்போது கேட்கும் மாறும் எண்ணைக் கைபேசியில் காட்டும் செயலி) மூலம் இரண்டாவது சரிபார்ப்பும் இன்றே போடுங்கள். பாஸ்கீ வசதி (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைபேசியின் பூட்டைத் திறந்தே உள்நுழைவது) இருந்தால் இன்னும் நல்லது, அதைப் போலித் தளத்தில் தவறிக்கூடக் கொடுத்துவிட முடியாது.

பிறகு கார்டு இருக்கும் ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி பாஸ்வேர்டு. இருபது பாஸ்வேர்டை மனிதர் யாரும் நினைவில் வைத்திருக்க முடியாது, அதனால் ஒரு பாஸ்வேர்டு மேலாளர் செயலியைப் பயன்படுத்துங்கள். வயதானவர்களுக்கு அது சரிவராது என்றால் ஒரு சின்ன நோட்டில் எழுதி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதைவிட அந்த நோட்டு எவ்வளவோ மேல், இணையத் திருடன் உங்கள் வீட்டு அலமாரியைத் திறக்கப்போவதில்லை. உங்கள் மின்னஞ்சல் பழைய கசிவுகளில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் மின்னஞ்சலை மட்டும் போட்டுப் பார்க்கலாம். அக்காவின் முகவரி அதில் நான்கு கசிவுகளில் இருந்தது.

எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தான் இருந்தால் பாஸ்வேர்டு மாற்றியதும் அதையும் அழுத்துங்கள். பாஸ்வேர்டு மாறினாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவனைச் சில தளங்கள் வெளியே தள்ளுவதில்லை.

என் வீட்டில் செய்திருப்பது: சேமித்து வைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு தனி கிரெடிட் கார்டு, வரம்பு 1,000 வெள்ளி. அது பணப்பையில் இருக்காது. கடைக்கும் வெளிநாட்டுக்கும் எடுத்துப்போகும் கார்டு வேறு. இணையக் கார்டில் ஏதாவது நடந்தால் போகக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதை ரத்து செய்தாலும் அன்றாட வாழ்க்கை நிற்காது.

ஐந்தாவது: வங்கிச் செயலியில் பத்து நிமிடம்

எச்சரிக்கைச் செய்திக்கான தொகையை அந்தச் செயலி விடும் ஆகக் குறைந்த அளவுக்கு இறக்குங்கள். 100 வெள்ளிக்கு மேல் என்று இருந்தால், ஒரு வெள்ளிக்குப் போட்டுப் பார்க்கும் சோதனைக் கட்டணம் உங்கள் கண்ணில் படாது. கார்டு வேலை செய்கிறதா என்று முதலில் சின்னத் தொகை எடுத்துப் பார்ப்பது திருடர்களின் வழக்கம். அக்காவுக்கும் முந்தின நாள் இரண்டு வெள்ளிக்கும் குறைவான ஒரு கட்டணம் வந்திருக்கிறது, எச்சரிக்கை வரவில்லை, அறிக்கையில்தான் பார்த்தோம்.

வெளிநாட்டுப் பயன்பாடு, இணையப் பயன்பாடு ஆகியவற்றைத் தனித்தனியாக அணைக்கும் வசதி பல வங்கிகளில் உண்டு. தேவைப்படும்போது போட்டு, முடிந்ததும் அணைத்துவிடலாம். கார்டைத் தற்காலிகமாகப் பூட்டும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி வையுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

ஆறாவது: இனிமேல் எப்படிக் கட்டுவது

கடை ஏற்றுக்கொண்டால் ஆப்பிள் பே, அல்லது கைபேசியில் உள்ள கூகல் பே. ஆப்பிள் பேயில் உங்கள் உண்மையான எண் கடைக்குப் போவதில்லை, அந்தக் கைபேசிக்கென்று ஒதுக்கிய வேறோர் எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறும் குறியீடும் போகின்றன. விரல் ரேகையோ முகமோ கைபேசியின் கடவு எண்ணோ இல்லாமல் அது நகராது. பிரிட்டிஷ் ஏர்வேஸில் நடந்த மாதிரி பக்கத்தில் யாராவது ஒளிந்திருந்தாலும் உருவிக்கொள்ள முழு எண்ணும் சிவிவியும் அங்கே இருக்காது. சேமிப்பதற்கும் தட்டச்சு செய்வதற்கும் நடுவில் நாம் தேடும் வழி பெரும்பாலும் இதுதான்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. போலித் தளத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, வரும் ஓடிபியையும் அதே பக்கத்தில் அடித்தால், மோசடிக்காரர் உங்கள் கார்டை அவருடைய கைபேசி வாலட்டில் ஏற்றிக்கொள்வார், பிறகு கடை கடையாகத் தட்டிப் பொருள் வாங்குவார். 2024இன் கடைசி மூன்று மாதங்களில் மட்டும் இப்படிக் குறைந்தது 656 புகார்கள் வந்ததாகவும் 1.2 மில்லியன் வெள்ளி போனதாகவும் போலிசும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் எச்சரித்தன. எனவே ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல் வாசகத்தைப் படியுங்கள். 30 வெள்ளிப் பொருளுக்குக் கட்டணம் செலுத்தும்போது, கார்டை வாலட்டில் சேர்ப்பதற்கான ஓடிபி என்று எழுதியிருந்தால் உடனே நிறுத்துங்கள்.

கணக்கு தொடங்காமல் விருந்தினராக வாங்க வழி இருந்தால் அறிமுகமில்லாத கடைகளில் அப்படியே வாங்குங்கள். ரிவோலட், வைஸ் போன்ற பணச் செயலிகளில் மெய்நிகர் கார்டு (கையில் அட்டை இல்லாமல் எண் மட்டும் உள்ளது) உருவாக்கி, தேவையான தொகையை மட்டும் போட்டு, வேலை முடிந்ததும் முடக்கலாம். இலவசச் சோதனைக் காலம் என்று கார்டு கேட்கும் தளங்களுக்கு நான் வேறெதையும் கொடுப்பதில்லை.

வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் பேநவ்வில் கட்டிவிட்டால் கார்டே வேண்டாமே என்று சிலர் கேட்கிறார்கள். தெரிந்த கடைக்கும் உறவினருக்கும் சரி. ஆனால் பேநவ்வில் போன பணம் நேராகப் போய்விடுகிறது. பொருள் வராவிட்டால் கார்டில் இருப்பது போல் கட்டணத்தை மறுத்துத் திரும்பப் பெறும் வழி அதில் இல்லை. முன்பின் தெரியாத விற்பனையாளருக்குப் பேநவ்வில் அனுப்புவதைவிடக் கார்டு பாதுகாப்பானது.

வீட்டில் மற்றவர்கள்

பிள்ளைகள் விளையாடும் கைபேசியில் கார்டு இருந்தால், ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஆப்பிளில் குடும்பப் பகிர்வு மூலம் பெற்றோரின் அனுமதி கேட்கும்படி வைக்கலாம். பிள்ளைகள் பெற்றோருக்குத் தெரியாமல் செயலிகளுக்குள் வாங்கிய விவகாரத்தில் ஆப்பிள் நிறுவனம் 2014இல் அமெரிக்க வணிக ஆணையத்துடன் சமரசம் செய்து குறைந்தது 32.5 மில்லியன் டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது, அவ்வளவு சகஜமாக நடந்த விஷயம் இது. பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை, அமைப்பை மாற்றுங்கள்.

பெற்றோர் கைபேசியில் நீங்கள் உங்கள் கார்டைப் போட்டுக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்குகளும் உங்கள் தாளில் வர வேண்டும்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால்

வரிசை முக்கியம். முதலில் செயலியில் கார்டைப் பூட்டுங்கள், அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. உடனே வங்கியின் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள். எண்ணைக் கார்டின் பின்புறத்திலிருந்து எடுங்கள், இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். போலி உதவி எண்கள் விளம்பரமாக மேலே வரும். அழைப்பில் மூன்று விஷயம் கேளுங்கள்: கார்டை ரத்து செய்து புது எண் தருவது, கட்டணத்தை மறுத்து விண்ணப்பிப்பது, புகாரின் குறிப்பு எண். அழைத்த நேரத்தையும் பேசியவர் பெயரையும் எழுதி வையுங்கள்.

அழைக்கத் தாமதிக்காதீர்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் வங்கிகள் சங்கத்தின் நடைமுறை விதிப்படி, கார்டு தொலைந்தோ திருடுபோயோ வங்கிக்குச் சொல்வதற்கு முன் நடந்த கட்டணங்களில், நீங்கள் மோசடியோ பெரிய அலட்சியமோ செய்யாமல், தெரிந்ததும் உடனே சொல்லியிருந்தால், உங்கள் பொறுப்பு 100 வெள்ளிக்கு மேல் போகாது. சேமித்த கார்டு விவகாரத்தில் "இது உங்கள் கணக்கிலிருந்தே நடந்திருக்கிறது" என்று வங்கி இழுக்கலாம். அக்காவிடமும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள்.

அதனால்தான் அடுத்த வேலை, கடையின் கணக்கில் உள்ள சான்றுகளைப் பிடித்து வைப்பது. எதையும் அழிப்பதற்கு முன் ஆர்டர் விவரம், வவுச்சர் போன மின்னஞ்சல் முகவரி, உள்நுழைந்த கருவிகளின் பட்டியல், நேரம் எல்லாவற்றையும் திரைப்பிடிப்பு எடுங்கள். அக்காவின் கணக்கில் அவர் வைத்திராத ஒரு கைபேசி மாதிரி உள்நுழைந்திருந்தது தெரிந்தது. வங்கி மனம் மாறியது அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான். பிறகு பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறி, கடைக்கும் எழுதுங்கள்.

போலிஸ் புகாரை இணையத்திலேயே கொடுக்கலாம். இது மோசடியா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது. வங்கி கடைசிவரை மறுத்தால் ஃபிட்ரெக் என்ற நிதித்துறைச் சச்சரவுத் தீர்வு நிலையத்துக்குப் போகலாம், அதற்கு வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. போவதற்கு முன் வங்கியின் இறுதிப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஏழு வாரம் கழித்து 480 வெள்ளியும் கார்டில் திரும்ப வரவு வைக்கப்பட்டது. அந்த இரண்டு வெள்ளிக் கட்டணத்தைப் புகாரில் சேர்க்க மறந்துவிட்டோம், அதற்குத் தனியாக இன்னொரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. புகார் எழுதும்போது பெரிய தொகைகளோடு, அதற்கு முந்தின ஒரு வாரத்தில் வந்த சின்னத் தொகைகளையும் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். புதுக் கார்டு வந்தபோது அக்கா அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, 23 இடங்களில் நான்கில் மட்டும் எண்ணைப் போட்டார்: தொலைபேசிக் கட்டணம், காப்பீடு, மளிகைச் செயலி, சின்னவளின் நடன வகுப்பு.